இதுவா, இதுவாகவா: பாஸ்கல் மொழிகளில் வகைச் சோதனையின் வரலாறு

நிரல் ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் கைக்கு ஒரு பொருள் வந்து சேர்கிறது. அது கோப்பில் எழுதத் தெரிந்த பொருளா, அச்சிடத் தெரிந்த பொருளா என்பது நிரலுக்குத் தெரியாது. இந்நிலையில் மூன்று வழிகள் உண்டு. பொருளையே கேட்டுப் பார்க்கலாம். தான் நினைத்ததே சரி என்று கொண்டு மேலே செல்லலாம். அல்லது இத்தகைய ஐயமே எழாதபடி மொழியை முன்கூட்டியே இறுக்கமாக அமைத்துக்கொள்ளலாம். பாஸ்கலும் அதன் வழிவந்த மொழிகளும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலான தம் வாழ்வில் இம்மூன்றையும் முயன்று பார்த்திருக்கின்றன. ஒரு பொருள் இன்னதுதான் என்று உறுதிசொல்லும் அதிகாரம் முதலில் தொகுப்பியிடம் இருந்தது. பிறகு நிரலர் கைக்கு வந்தது. இறுதியில் பொருளிடமே போய்ச் சேர்ந்தது. இந்த அதிகார மாற்றத்தின் கதைதான் வகைச் சோதனையின் வரலாறு.

ஐயத்துக்கு இடம் தராத மொழி

சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1934இல் பிறந்த நிக்லாஸ் விர்த், சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் பாஸ்கலை வடிவமைத்து 1970இல் வெளிக்கொணர்ந்தார். மாணவர்களுக்கு ஒழுங்கான நிரலாக்கத்தைக் கற்பிப்பது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. ஒவ்வொரு மாறிக்கும் ஒரு வகை உண்டு. அவ்வகை நிரலின் எழுத்திலேயே அறிவிக்கப்பட்டிருக்கும். ஒரு வகையின் இடத்தில் மற்றொன்று வந்தால் தொகுப்பி நிரலை ஏற்காது. பத்து உறுப்புகள் கொண்ட அணியும் இருபது உறுப்புகள் கொண்ட அணியும்கூட வெவ்வேறு வகைகள். ஒன்றை எதிர்பார்க்கும் செயல்முறைக்கு மற்றொன்றை அனுப்ப முடியாது.

இந்த இறுக்கத்துக்கு நடுவே ஒரு சந்து இருந்தது. பாஸ்கலின் பதிவு வகைகளில் 'மாறுபடு பகுதி' என்று ஒன்றை அமைக்கலாம். ஒரே நினைவக இடம், சூழலுக்கேற்ப எண்ணாகவோ எழுத்தாகவோ சுட்டியாகவோ பார்க்கப்படும். எந்த வடிவம் இப்போது நடப்பில் உள்ளது என்பதைக் காட்டும் அடையாளப் புலத்தை விட்டுவிடவும் மொழி இடமளித்தது. எண்ணாக எழுதி, சுட்டியாகப் படித்தால் தடுப்பார் யாரும் இல்லை. 1977இல் வெல்ஷ், ஸ்னீரிங்கர், ஹோர் ஆகிய மூவரும் பாஸ்கலின் தெளிவின்மைகளையும் பாதுகாப்பின்மைகளையும் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இச்சந்தையும் சுட்டிக்காட்டியது.

எதிர்த் திசையிலிருந்தும் குறை எழுந்தது. பிளாகருடன் இணைந்து மென்பொருள் கருவிகள் பற்றிய தம் நூலைப் பாஸ்கலில் எழுதிப் பார்த்த பிரையன் கெர்னிகன், பாஸ்கல் ஏன் தமக்கு உகந்த மொழியன்று என்பதை 1981இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அவருடைய முறையீடுகளுள் ஒன்று, தேவை நேரும்போது வகைக் கட்டுப்பாட்டைக் கடந்து செல்ல முறையான வழி எதுவும் இல்லை என்பது. சி மொழியில் உள்ள வகைமாற்றத்துக்கு இணையான ஒன்று பாஸ்கலில் இல்லை. ஆக, ஒரு சாரார் கதவு இல்லை என்றனர். மறு சாரார் சுவரில் ஓட்டை இருக்கிறது என்றனர். இரு சாராரும் சொன்னது உண்மை. முறையான கதவு இல்லாத வீட்டில் ஓட்டையே வழியாகிவிடும்.

ஓஸ்லோவில் பிறந்த மூன்று சொற்கள்

கதவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான மாதிரி ஏற்கெனவே நார்வேயில் உருவாகியிருந்தது. ஓஸ்லோவின் நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நியூகோரும் உருவாக்கிய சிமுலா 67, வகுப்பு, துணைவகுப்பு, மரபுரிமை ஆகிய கருத்துகளை நிரலாக்கத்துக்கு வழங்கியது. மரபுரிமை வந்தவுடன் ஐயமும் உடன் வந்தது. 'ஊர்தி' வகையின் சுட்டு ஒன்று, இயங்குநேரத்தில் பேருந்தைச் சுட்டலாம், சரக்குந்தையும் சுட்டலாம். எழுத்தில் தெரியும் வகையும் நினைவகத்தில் கிடக்கும் பொருளின் வகையும் முதன்முறையாகப் பிரிந்தன.

இப்பிரிவைக் கையாளச் சிமுலா மூன்று சொற்களைத் தந்தது. 'இஸ்' என்பது பொருள் துல்லியமாக அந்த வகுப்பைச் சேர்ந்ததா என்று கேட்கும். 'இன்' என்பது அந்த வகுப்பையோ அதன் துணைவகுப்புகளுள் ஒன்றையோ சேர்ந்ததா என்று கேட்கும். 'குவா' என்னும் இலத்தீன் சொல், பொருளை அந்த வகுப்பின் உறுப்பாக நடத்தச் சொல்லும். பொருள் அவ்வாறு இல்லையெனில் நிரல் பிழையோடு நிற்கும். கேட்பது ஒரு செயல், நடத்துவது மற்றொரு செயல் என்ற வேறுபாடு இங்கேயே தெளிவாக வகுக்கப்பட்டுவிட்டது. பின்னாளில் வந்த மொழிகள் சொற்களை மாற்றினவே ஒழிய, இப்பாகுபாட்டை மாற்றவில்லை.

விர்த்தும் இவ்வழிக்கே வந்தார். 1988இல் வகை நீட்சி பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையும் அதன்வழி அமைந்த ஓபரான் மொழியும் வகைச் சோதனை, வகைக் காவல் என இரண்டையும் கொண்டிருந்தன. சோதனை ஆம், இல்லை என்று விடை தரும். காவல், பொருந்தாத பொருளை உள்ளே விடாமல் நிரலை நிறுத்தும். ஐயமே எழாத மொழியை அமைக்க முனைந்தவர், பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஐயத்தை முறையாகத் தீர்க்கும் மொழியை அமைத்தார்.

நிரலரின் சொல்லே சான்று

இதற்கிடையில் பாஸ்கல் பல்கலைக்கழகங்களிலிருந்து தனிநபர்க் கணினிகளுக்குப் பெயர்ந்திருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க் எழுதிய தொகுப்பியை போர்லாண்ட் நிறுவனம் 1983இல் டர்போ பாஸ்கல் என்ற பெயரில் 49.95 டாலருக்கு விற்றது. அதன் பிற்காலப் பதிப்புகளில் கெர்னிகன் கேட்ட கதவு திறந்தது. வகையின் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் மாறியை இட்டால், அந்த மாறி அவ்வகையாகவே கருதப்படும். இரண்டின் நினைவக அளவும் ஒத்திருந்தால் போதும்; தொகுப்பி வேறொன்றும் கேட்காது.

1989இல் வந்த டர்போ பாஸ்கல் 5.5 பொருள்நோக்கு நிரலாக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்பே ஆப்பிள் நிறுவனத்தில் லாரி டெஸ்லரின் குழு, விர்த்தின் ஆலோசனையுடன் ஆப்ஜெக்ட் பாஸ்கலை வடிவமைத்திருந்தது. மரபுரிமை வந்துவிட்ட பிறகும் டர்போ பாஸ்கலில் கீழ்நோக்கிய வகைமாற்றம் நிரலரின் சொல்லை நம்பியே நடந்தது. 'இது பேருந்து' என்று நிரலர் எழுதினால் அது பேருந்துதான். உண்மையில் அது சரக்குந்தாக இருந்தால், இருக்கைகளின் எண்ணிக்கையைக் கேட்கும் இடத்தில் சுமையின் எடை கிடைக்கும். நிரல் நிற்காது, தவறான எண்ணோடு தொடர்ந்து ஓடும். பிழை நேர்ந்த இடம் ஒன்று, அது வெளிப்படும் இடம் மற்றொன்று. இத்தகைய பிழைகளைத் தேடுவதுதான் நிரலாக்கத்தில் மிகக் கடினமான வேலை.

1995 பிப்ரவரி 14 அன்று அறிமுகமான டெல்ஃபி, சிமுலாவின் பாகுபாட்டைப் பாஸ்கலுக்குள் முழுமையாகக் கொண்டுவந்தது. இதன் 'இஸ்', சிமுலாவின் 'இன்' என்பதற்கு ஒப்பானது: பொருள் அந்த வகுப்பையோ அதன் வழித்தோன்றலையோ சேர்ந்ததா என்று கேட்கும். 'ஆஸ்', சிமுலாவின் 'குவா' போன்றது: பொருந்தினால் தரும், பொருந்தாவிட்டால் செல்லாத வகைமாற்றம் என்ற விதிவிலக்குப் பிழையை எழுப்பும். சோதனை நடக்கும் விதம் எளிமையானது. ஒவ்வொரு பொருளின் முதல் புலமும் அதன் வகுப்பின் அட்டவணையைச் சுட்டுகிறது. அந்த அட்டவணை பெற்றோர் வகுப்பைச் சுட்டுகிறது. 'இஸ்' இந்தக் கொடிவழியில் மேலேறிச் சென்று, கேட்ட வகுப்பு தென்படுகிறதா என்று பார்க்கும். எதையும் சுட்டாத 'நில்' சுட்டுக்கு 'இஸ்' இல்லை என்றே விடை சொல்லும். ஆனால் 'ஆஸ்' அதைத் தடுக்காமல் 'நில்' ஆகவே திருப்பித் தரும். இந்த நுட்பம் இன்றும் பலரை இடறிவிடுகிறது.

பொருளே விடை சொல்லும் முறை

வகுப்புகளின் கொடிவழி ஒரே நிரலுக்குள், ஒரே தொகுப்பியின் ஆட்சிக்குள் செல்லுபடியாகும். வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு மொழிகளில் எழுதிய கூறுகள் ஒன்றோடொன்று பேச வேண்டிய நிலை வந்தபோது அது போதவில்லை. 1993இல் மைக்ரோசாஃப்ட் முன்வைத்த 'காம்' என்னும் கூறுமாதிரி, பொருளின் குலத்தைக் கேட்பதை முற்றாகக் கைவிட்டது. ஒரு பொருள் எந்த வகுப்பில் பிறந்தது என்பது வெளியாருக்குத் தெரியத் தேவையில்லை. அது எந்தெந்தப் பணிகளைச் செய்யவல்லது என்பது தெரிந்தால் போதும். பணிகளின் பட்டியலே இடைமுகம்.

எல்லா இடைமுகங்களுக்கும் அடிப்படையான இடைமுகத்தின் பெயர் 'ஐ-அன்நோன்', அதாவது 'அறியப்படாதது'. அதில் மூன்றே செயல்முறைகள். முதலாவது 'குவரி இன்டர்ஃபேஸ்': இந்த இடைமுகம் உன்னிடம் உண்டா என்று பொருளைக் கேட்பது. மற்ற இரண்டும் பொருளின் ஆயுளைக் காப்பவை: ஒன்று சுட்டெண்ணிக்கையைக் கூட்டும், மற்றொன்று குறைக்கும். எண்ணிக்கை சுழியத்தைத் தொட்டால் பொருள் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.

பெயர்கள் மோதாமல் இருக்க ஒவ்வொரு இடைமுகத்துக்கும் 128 பிட்டு நீளமுள்ள அடையாள எண் வழங்கப்பட்டது. பதினாறடிமான முறையில் அது 32 இலக்கங்கள். இரு நிறுவனங்கள் ஒரே பெயரை இட்டாலும் இந்த எண்கள் ஒத்துப்போக வாய்ப்பு இல்லை என்றே கொள்ளலாம்.

பொருளே தன்னைப் பற்றிச் சான்று சொல்லும் முறையில், அது முரணாகப் பேசினால் என்ன செய்வது? அதற்கெனக் காம் சில விதிகளை வகுத்தது. ஓர் இடைமுகத்தின் வழியாக அதே இடைமுகத்தைக் கேட்டால் கிடைக்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைப் பெற முடிந்தால், இரண்டாவதிலிருந்து முதலாவதையும் பெற முடிய வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று போக முடிந்தால், முதலாவதிலிருந்து நேரே மூன்றாவதுக்கும் போக முடிய வேண்டும். ஒருமுறை 'உண்டு' என்று சொன்னதைப் பிறகு 'இல்லை' என்று மாற்றக் கூடாது. எந்த வழியாகக் கேட்டாலும் ஐ-அன்நோன் ஒரே முகவரியையே தர வேண்டும். இரு சுட்டுகள் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றனவா என்பதை அறிய அதுவே வழி. கணிதத்தில் சமானத் தொடர்புக்குச் சொல்லப்படும் மூன்று பண்புகளும் இங்கே ஒப்பந்த விதிகளாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். ஆனால் இவ்விதிகளை மீறும் பொருளை எந்தத் தொகுப்பியாலும் கண்டுபிடிக்க இயலாது. மொழி விதித்த கட்டுப்பாடு, எழுதுவோரின் நேர்மையைச் சார்ந்த ஒழுக்கமாக மாறிவிட்டது.

பாஸ்கலுக்குள் வந்த இடைமுகம்

1997இல் வெளிவந்த டெல்ஃபி 3, இடைமுகத்தை மொழியின் ஒரு வகையாகவே ஏற்றது. 'ஆஸ்' என்ற பழைய சொல் புதிய பணியையும் மேற்கொண்டது. வலப்பக்கத்தில் வகுப்பின் பெயர் இருந்தால் கொடிவழியைப் பார்க்கும். இடைமுகத்தின் பெயர் இருந்தால் குவரி இன்டர்ஃபேஸை அழைத்துப் பொருளைக் கேட்கும். விடை எதிர்மறையானால் வேறொரு விதிவிலக்குப் பிழை எழும். சுட்டெண்ணிக்கையைக் கூட்டுவதையும் குறைப்பதையும் தொகுப்பியே பார்த்துக்கொண்டது.

பார்வைக்கு ஒரே சொல்லானாலும் உள்ளே நடப்பது வேறு. வகுப்பு வகைமாற்றத்தில் முகவரி மாறுவதில்லை. அதே இடத்தை வேறு பெயரால் பார்க்கிறோம். இடைமுக மாற்றத்தில் முகவரியே மாறுகிறது. பொருள் நிறைவேற்றும் ஒவ்வோர் இடைமுகத்துக்கும் அதன் உடலுக்குள் மறைவான ஒரு புலம் உண்டு. இடைமுகச் சுட்டு அப்புலத்தைத்தான் சுட்டுகிறது, பொருளின் தொடக்கத்தை அன்று. எனவே டர்போ பாஸ்கல் காலப் பழக்கத்தில், ஓர் இடைமுகச் சுட்டை அடைப்புக்குறி முறையில் வேறோர் இடைமுகமாக மாற்றினால், யாரும் யாரையும் கேட்பதில்லை. அச்சிடும் செயல்முறையை அழைப்பதாக எண்ணும் நிரல், அட்டவணையில் அதே வரிசையில் இருக்கும் வேறொரு செயல்முறையை அழைத்துவிடும். அது கோப்பை அழிக்கும் செயல்முறையாகவும் இருக்கலாம்.

காமின் மரபு மேலும் இரண்டு பழக்கங்களைக் கொண்டுவந்தது. அடையாள எண் இல்லாத இடைமுகத்தை 'ஆஸ்' கொண்டு கேட்க முடியாது. எண் இல்லாததைக் குறிப்பிட்டுக் கேட்கும் வழியே பொருளுக்கு இல்லை. தொகுப்பி இதைப் பிழையெனச் சொல்லித் தடுத்துவிடும் என்பது ஆறுதல். இரண்டாவது பழக்கம் அவ்வளவு வெளிப்படையானதன்று. ஓர் இடைமுகம் மற்றொன்றிலிருந்து மரபுரிமை பெற்றிருக்கலாம். ஒரு வகுப்பு அந்த வழித்தோன்றல் இடைமுகத்தை மட்டும் தன் பட்டியலில் அறிவித்திருந்தால், மூதாதை இடைமுகத்தைக் கேட்கும்போது 'இல்லை' என்றே விடை வரும். அதன் செயல்முறைகள் அனைத்தும் உள்ளே இருந்தும் விடை 'இல்லை'தான். சோதனை பார்ப்பது அறிவிக்கப்பட்ட எண்களின் பட்டியலை மட்டுமே. திறனை அது பார்ப்பதில்லை. பட்டம் பெற்றவரிடம் பள்ளிச் சான்றிதழைத் தனியே கேட்கும் அலுவலகத்தின் நடைமுறை இது.

கேள்வியே கேட்டதை அழிக்கும்போது

'ஆஸ்' தோற்றால் பிழையை எழுப்பும். உண்டா இல்லையா என்று அமைதியாக அறிய விரும்புவோருக்கு டெல்ஃபியின் நூலகத்தில் 'சப்போர்ட்ஸ்' என்ற செயற்கூறு இருக்கிறது. பொருளையும் இடைமுகத்தையும் கொடுத்தால் ஆம், இல்லை என்று விடை தரும். விரும்பினால் மூன்றாவதாக ஒரு மாறியைக் கொடுத்து, விடை ஆமெனில் சுட்டையும் அதிலேயே பெற்றுக்கொள்ளலாம். முதலில் கேட்டுவிட்டுப் பிறகு 'ஆஸ்' எழுதினால் பொருளை இருமுறை கேட்டதாகும். மூன்றாவது மாறியோடு கேட்டால் ஒருமுறையே போதும்.

இந்த எளிய செயற்கூற்றுக்குள்தான் இவ்வரலாற்றின் கடுமையான முரண் ஒளிந்திருக்கிறது. பொருளிடம் 'உனக்கு இந்த இடைமுகம் உண்டா' என்று கேட்பதற்கு, அந்த இடைமுகச் சுட்டு ஒன்றைக் கணநேரம் பெற்றாக வேண்டும். பெற்றவுடன் சுட்டெண்ணிக்கை ஒன்று கூடும்; விடை தெரிந்ததும் சுட்டு விடப்படும்; எண்ணிக்கை ஒன்று குறையும். அப்பொருளை அதுவரை வகுப்பு மாறியால் மட்டுமே பிடித்திருந்தால் அதன் எண்ணிக்கை சுழியம். சுழியம் ஒன்றாகி, மீண்டும் சுழியமாகும் கணத்தில், சுட்டெண்ணும் பொருள் தன் ஆயுள் முடிந்ததாகக் கருதித் தன்னை அழித்துக்கொள்ளும். கேள்விக்கு 'ஆம்' என்ற விடை வரும். விடை சொன்ன பொருள் இருக்காது. அடுத்த வரியில் நிரலர் அதைப் பயன்படுத்தும்போது, அவர் தொடுவது இறந்துபோன நினைவகம்.

டெல்ஃபியின் உதவிக் குறிப்புகளே இந்த எச்சரிக்கையைத் தருகின்றன. பொருளைக் கொடுக்காமல் வகுப்பைக் கொடுத்துக் கேட்கும் வடிவம் மட்டும் இதற்கு விலக்கு. அது வகுப்பின் பட்டியலைப் படிப்பதோடு நின்றுவிடும். அதே கேள்வியைத் திரைக்கூறுகளின் அடிப்படை வகுப்பிலிருந்து வந்த பொருளிடம் கேட்டால் எந்தத் தீங்கும் நேராது. அவ்வகுப்பு சுட்டுகளை எண்ணுவதில்லை. ஒரே வரி, ஒரே கேள்வி. எதிரில் இருக்கும் பொருளைப் பொறுத்து ஒன்று தகவல், மற்றொன்று மரணம். பழைய 'இஸ்' கொடிவழியைப் படிக்க மட்டுமே செய்தது. அதனால் எதுவும் மாறவில்லை. பொருளுக்கே சான்று சொல்லும் அதிகாரம் வந்தபோது, சான்று கேட்பது ஒரு செயலாக மாறியது. செயலுக்கு விளைவு உண்டு.

பிரிந்த வழிகள்

இந்தச் சிக்கலுக்கு ஃப்ரீ பாஸ்கல் குழு வேறு தீர்வைத் தேர்ந்தது. 1993இல் ஃப்ளோரியன் கிளெம்ப்ஃபல் தொடங்கிய இந்தத் திறந்தமூலத் தொகுப்பி, இரு பாணி இடைமுகங்களையும் ஏற்கிறது. ஒன்று 'காம்' பாணி: டெல்ஃபியில் உள்ளவாறே. மற்றொன்றைக் 'கோர்பா' பாணி என்கிறார்கள். அதில் ஐ-அன்நோன் இல்லை, சுட்டெண்ணிக்கை இல்லை. பொருளின் ஆயுள் முழுக்க நிரலரின் பொறுப்பு. அடையாளமாக 128 பிட்டு எண்ணுக்குப் பதில் ஒரு சொல்லையும் இடலாம். இடைமுகம் என்னும் கருத்தையும் ஆயுள் மேலாண்மை என்னும் கருத்தையும் பிரித்துவிட்டதுதான் இதன் சிறப்பு. அவ்விரண்டும் ஒரே மூட்டையில் வந்தது காமின் வரலாற்றுத் தேவையால். கருத்தளவில் அவற்றுக்கிடையே கட்டாயத் தொடர்பு இல்லை.

டெல்ஃபி தன் பாதையில் தொடர்ந்தது. லினக்ஸ் இயங்குதளத்துக்கும் தொகுப்பி வேண்டியிருந்த 2001ஆம் ஆண்டளவில், ஐ-அன்நோனுக்கு 'ஐ-இன்டர்ஃபேஸ்' என்ற நடுநிலைப் பெயர் சூட்டப்பட்டது, உள்ளடக்கம் மாறவில்லை. இடைமுகத்திலிருந்து அதை நிறைவேற்றும் பொருளுக்குத் திரும்பிச் செல்ல நெடுங்காலம் நேர்வழி இருக்கவில்லை. பொருளைத் திருப்பித் தரும் ஒரு செயல்முறையை இடைமுகத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள். டெல்ஃபி 2010 பதிப்பில்தான் 'இஸ்', 'ஆஸ்' இரண்டும் இத்திசையிலும் செயல்படலாயின. குலம் கேட்காதே என்ற காமின் கொள்கைக்கு இது முரண்தான். ஆனால் பொருள் அதே தொகுப்பியில் பிறந்ததாக இருக்கும்போது, நடைமுறைத் தேவை கொள்கையை வென்றது.

ஒரு சொல், மூன்று பொருண்மை

மொழியியல் மாணவர்களின் கவனத்துக்குரிய பகுதி இனிதான் வருகிறது. ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க் 1996இல் மைக்ரோசாஃப்டுக்குச் சென்றார். அங்கே சி ஷார்ப் மொழியின் முதன்மை வடிவமைப்பாளரானார். பின்னர் 2012இல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்டின் உருவாக்கத்திலும் முதன்மைப் பங்கு வகித்தார். மூன்று மொழிகளிலும் 'ஆஸ்' உண்டு. டெல்ஃபியில் அது பொருந்தாவிட்டால் பிழையை எழுப்பும். சி ஷார்ப்பில் பிழை எழாது. வெற்றுச் சுட்டு கிடைக்கும். டைப்ஸ்கிரிப்டிலோ இயங்குநேரத்தில் எந்தச் சோதனையும் இல்லை. நிரலர் தொகுப்பிக்குக் கொடுக்கும் வாக்குறுதி மட்டுமே அது. முதலாவது காவலர். இரண்டாவது கதவைத் திறந்து 'உள்ளே யாருமில்லை' என்று சொல்பவர். மூன்றாவது, வந்தவர் சொன்ன பெயரை அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொள்பவர். ஒரு மொழியில் பயின்று மற்றொன்றுக்குச் செல்லும் மாணவர், சொல்லோடு அதன் பழைய பொருண்மையையும் சுமந்து செல்கிறார். பிழை அங்கேதான் நுழைகிறது.

தமிழின் 'ஆக' என்ற சொல்லுருபை எண்ணிப் பார்த்தால் இந்த நெகிழ்ச்சி வியப்பளிக்காது. 'மருத்துவராகப் பணியாற்றினார்' என்னும் தொடரில் அவர் மருத்துவர் என்பது உறுதி. 'மருத்துவராக நடித்தார்' என்பதில் அவர் மருத்துவர் அல்லர் என்பதே குறிப்பு. 'ஆக' இரண்டுக்கும் இடம் தருகிறது; உறுதி எங்கிருந்து வருகிறது என்றால், அதை அடுத்து வரும் வினையிலிருந்து. நிரல்மொழியில் அந்த வினையின் இடத்தில் இருப்பது மொழியின் விதி. சொல்லை மட்டும் பார்த்துப் பொருண்மையை ஊகிப்பவர் இருவகையிலும் ஏமாறுவார்.

தமிழிலக்கணம் இந்தச் சிக்கலின் வேர்களை நன்கு அறிந்திருந்தது. திணை மயங்கினால் அது வழு. அன்பினால் பசுவைத் தாயென்று அழைத்தால் அது வழுவமைதி. பிழையையும் காரணத்தோடு கூடிய மீறலையும் இலக்கணிகள் தனித்தனியே வைத்தனர். தொலைவில் தெரிவது மரக்கட்டையோ மனிதனோ என்ற ஐயம் எழும்போது எப்படிப் பேச வேண்டும் என்பதற்கும் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் விதி சொல்கிறது: ஐயம் தீரும்வரை உருபு என்ற பொதுச்சொல்லால் சுட்டலாம். தெளிவுக்கு முன் பொதுப்பெயர், தெளிந்த பின் சிறப்புப்பெயர். பாஸ்கல் நிரலர் ஒரு பொருளை ஐ-இன்டர்ஃபேஸாக வைத்திருந்து, கேட்டுத் தெளிந்த பின்னரே குறிப்பிட்ட இடைமுகமாகக் கொள்வதும் இதே ஒழுங்குதான். இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவையல்ல. ஒரே வகை ஐயத்துக்கு இரு மரபுகள் தனித்தனியே கண்ட விடைகள்.

சோதனையின் விலை

சோதனைக்கு நேரம் செலவாகும், எனவே உறுதியாகத் தெரிந்த இடங்களில் அதைத் தவிர்க்கலாம் என்ற வாதம் எப்போதும் உண்டு. அந்த வாதத்துக்கு உரிய எடையைத் தர வேண்டுமானால், பாஸ்கலை அடியொற்றி உருவான ஏடா மொழியின் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்வைக் குறிப்பிட வேண்டும். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏரியான் 5 ஏவூர்தி முதன்முறையாகப் புறப்பட்டது. ஒரு நிமிடம் முடிவதற்குள் அது தடம் மாறிச் சிதறியது. அதனுடன் நான்கு செயற்கைக்கோள்களும் அழிந்தன. 64 பிட்டு மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 பிட்டு முழுஎண்ணாக மாற்றியபோது, அந்த மதிப்பு புதிய வகைக்குள் அடங்கவில்லை. ஆய்வுக்குழுவின் அறிக்கைப்படி, இவ்வாறு ஆபத்துக்குரிய மாறிகள் ஏழு. நான்குக்குக் காப்பு இடப்பட்டிருந்தது. மூன்றுக்கு இடப்படவில்லை, கணினியின் பணிச்சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு அதற்குக் காரணம். அந்த நிரற்பகுதி முந்தைய ஏரியான் 4இலிருந்து வந்தது. அங்கே அந்த மதிப்பு வரம்பை மீற வாய்ப்பே இல்லை. அந்த உறுதி சரியானதுதான். ஏவூர்தி மாறியது, உறுதி மட்டும் மாறாமல் கூடவே வந்தது.

இது எண் வகைமாற்றம். இடைமுக வகைமாற்றம் அன்று. ஆயினும் இரண்டிலும் மனித முடிவின் அமைப்பு ஒன்றே. 'இந்த இடத்துக்கு வருவது இதுவாகத்தான் இருக்கும்' என்ற நம்பிக்கை எழுதப்பட்ட நாளில் உண்மையாக இருந்திருக்கும். நிரல் நீண்ட நாள் வாழும். அதன் சூழல் மாறும். எழுதியவர் வேறிடம் போயிருப்பார். சோதனை எஞ்சியிருந்தால் அந்த நம்பிக்கை உடைந்த நாளில் அது குரல் கொடுக்கும். சோதனை இல்லாத வகைமாற்றத்தில் நம்பிக்கை எழுதப்பட்டதற்கான தடயம்கூட இருக்காது.

விர்த் 2024 ஜனவரி 1 அன்று காலமானார். அவருடைய தொடக்ககாலப் பாஸ்கலில் இடைமுகமும் இல்லை, 'இஸ்', 'ஆஸ்' என்ற சொற்களும் இல்லை. ஆனால் ஒரு பொருளை அது அல்லாத ஒன்றாக நடத்துவது தற்செயலாக நேரக் கூடாது, நேர்ந்தால் எழுத்தில் தெரிய வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் பின்வந்த அனைத்திலும் தொடர்கிறது. இன்று டெல்ஃபியிலோ ஃப்ரீ பாஸ்கலிலோ இடைமுகங்களோடு பணியாற்றும் மாணவர் ஒவ்வொரு வகைமாற்றத்தின்போதும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: இங்கே உறுதிசொல்பவர் யார், தொகுப்பியா, நிரலரா, பொருளா? அவ்வுறுதி பொய்த்தால் நிரல் நிற்குமா, வெற்றுச் சுட்டைத் தருமா, ஒன்றும் நேராததுபோல் ஓடுமா? கேட்பதனாலேயே கேட்கப்பட்ட பொருளுக்கு ஏதேனும் நேருமா? மூன்றுக்கும் விடை தெரிந்த இடத்தில் வகைமாற்றம் ஒரு கருவி. ஒன்றுக்கேனும் விடை தெரியாத இடத்தில், சப்போர்ட்ஸின் மூன்றாவது மாறியைப் பயன்படுத்துவதற்கு ஆகும் ஒரு வரி மிகக் குறைந்த செலவு.